நீரும் தீப்பொறியும்: எஞ்சினைக் கழுவும் வழக்கத்தின் நூற்றாண்டு

மோட்டார் வண்டியின் பானட்டைத் திறந்து எஞ்சின் மீது நீர் பாய்ச்சிக் கழுவுவதும், கழுவி முடித்தபின் அந்த எஞ்சின் கிளம்ப மறுப்பதும் அல்லது திக்கித் திணறி ஓடுவதும் பெட்ரோல் வண்டிகள் பரவிய காலந்தொட்டே ஒன்றையொன்று தொடர்ந்து வந்திருக்கின்றன. இதைக் கழுவியவரின் கவனக்குறைவு என்று சொல்லி முடித்துவிடுவதே வழக்கம். ஆனால் எஞ்சினைக் கழுவ வேண்டிய கட்டாயம் எங்கிருந்து வந்தது, நீர் பட்டதும் முடங்கும் உறுப்புகள் ஏன் அந்த இடங்களில் அமைந்தன, அவற்றை நீரிலிருந்து காக்க யார் என்ன செய்தார்கள் என்று கேட்கத் தொடங்கினால், வேகத்தையும் குதிரைத்திறனையும் பற்றியே பேசும் மோட்டார் வரலாறுகள் ஒதுக்கிவிட்ட ஒரு பகுதி வெளிப்படுகிறது. எண்ணெய்க் கசிவும், மின்சாரம் தன் வழியை விட்டு விலகாமல் காக்கும் ரப்பர், பேக்கலைட் போன்ற மின்காப்புப் பொருள்களும், விரல் நுனி அளவுள்ள அடைப்பு வளையங்களும் அந்தப் பகுதிக்கு உரியவை. எஞ்சினைக் கழுவ வேண்டிய தேவை குறைந்துகொண்டே வந்த அதே பத்தாண்டுகளில்தான், கழுவினால் நேரக்கூடிய சேதம் கூடிக்கொண்டே வந்தது.

கழுவும் பழக்கம் குதிரை வண்டிக் கொட்டகையிலிருந்து வந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செல்வர் வீட்டுக் கோச்சு வண்டிகளின் பலகைகள் பல அடுக்கு வர்ணமும் வார்னிஷும் பூசப்பட்டவை. சாலைச் சேறு காய்ந்து அந்தப் பூச்சைப் பாழாக்குமுன் நீர்விட்டுக் கரைத்து எடுப்பது வண்டியோட்டியின் அன்றாடக் கடமையாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டி அதே கொட்டகைக்குள் அதே வார்னிஷ் பூச்சோடு வந்து நின்றபோது, வாளியும் கடற்பஞ்சும் நீர்க்குழாயும் அதற்கும் உரியவையாயின. 1908 முதல் 1927 வரை உற்பத்தியான ஃபோர்டு டி மாடலின் கையேடு, வண்டியைக் கழுவக் குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீரையே பயன்படுத்த வேண்டும் என்றும், குழாயை முழு விசையில் திறந்தால் நீர் அழுக்கை வார்னிஷுக்குள் செலுத்திவிடும் என்றும் எச்சரித்தது. நீரின் விசை பற்றிய இந்த முதல் அச்சம் பூச்சைப் பற்றியதே. 1914இல் டெட்ராய்ட் நகரில் வண்டி கழுவுவதையே தொழிலாகக் கொண்ட கூடம் தோன்றியபோதும், ஆட்கள் வண்டியைக் கையால் தள்ளிச்சென்று ஓரிடத்தில் சோப்பு, அடுத்த இடத்தில் நீர், அதற்கடுத்த இடத்தில் துடைப்பு என்று செய்த வேலை உடற்பகுதிக்கே உரியதாக இருந்தது.

எஞ்சினைக் கழுவும் தேவை வேறு காரணத்தால் எழுந்தது. தொடக்ககால எஞ்சின்கள் எண்ணெயைத் தமக்குள் தக்கவைத்துக்கொள்ளத் தெரியாதவை. அவற்றுள் பலவற்றில் மசகெண்ணெய் ஒருமுறை உராய்வுப் பகுதிக்குச் சென்றபின் திரும்பிச் சேகரிக்கப்படாமல் வெளியே வழிந்து வீணாகும் முறையே இருந்தது. வால்வுகளின் தண்டுகளும் சுருள்வில்களும் மூடியின்றித் திறந்து கிடந்தன. சுழலும் தண்டுகள் எஞ்சினைவிட்டு வெளியேறும் இடங்களைத் தோலாலும் கயிற்றாலும் ஃபெல்ட்டாலும் அடைத்துவந்தார்கள். இவற்றை எல்லாம் திருத்திய பின்னும் ஒரு வழி திறந்தே இருந்தது. பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசியும் எரிவாயு, எஞ்சினின் அடிப்பெட்டியில் எண்ணெய் ஆவியோடு கலந்து, ஒரு குழாய் வழியாக நேரே வெளிக்காற்றில் விடப்பட்டது. தார் போடாத சாலையின் புழுதி அந்த எண்ணெய்ப் படலத்தில் ஒட்டிக் கருஞ்சாந்தாக இறுகிவிடும். எந்த அடைப்பில் கசிவு, எந்த இடத்தில் விரிசல் என்று கண்டுபிடிக்க வேண்டிய மெக்கானிக்கு அந்தச் சாந்தை அகற்றாமல் வேலையைத் தொடங்க முடியாது. ஆகவே எஞ்சினைத் துப்புரவு செய்வது பழுதுபார்ப்பின் முதற்படியாக இருந்ததே தவிர அழகுபடுத்தும் வேலையாக இருக்கவில்லை. அதுவும் முதலில் மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு செய்யப்பட்ட வேலை. நீர் பின்னால்தான் வந்தது.

நீரை எஞ்சின்மேல் கொண்டுவந்தது விசை. 1927இல் அமெரிக்காவில் ஃபிராங்க் ஒஃபெல்ட் உருவாக்கிய நீராவிக் கழுவுபொறி, கொதிகலனிலிருந்து வரும் சூடான ஈரநீராவியைக் குழல்வழியே பீய்ச்சி, தூரிகையால் மணிக்கணக்கில் தேய்த்தெடுக்க வேண்டிய கிரீஸைச் சில நிமிடங்களில் உருக்கி ஓடச்செய்தது. ஜெர்மனியில் ஆல்ஃபிரெட் கெர்ஹர் 1935இல் நிறுவிய தொழிலகம் 1950இல் ஐரோப்பாவின் முதல் சுடுநீர் உயர் அழுத்தக் கழுவுபொறியை வெளியிட்டது. பணிமனைகளில் இவை பரவப் பரவ, எண்ணெய் போகாத இடத்திற்கும் நீர் போகத் தொடங்கியது. அங்கே மின்சாரம் இருந்தது.

எஞ்சினுக்குள் எரிபொருளைப் பற்றவைப்பது எப்படி என்பதைக் கார்ல் பென்ஸ் சிக்கல்களுக்கெல்லாம் தலையான சிக்கல் என்று கருதினார். காட்லீப் டைம்லரின் எஞ்சின்கள் மின்சாரத்தையே நாடாமல், வெளியே எரியும் விளக்கினால் பழுக்கக் காய்ச்சப்பட்ட சிறு குழாய் ஒன்றால் வாயுவைப் பற்றவைத்தன. ஈரத்தால் கசிந்துபோக அதில் மின்சாரம் இல்லை என்றாலும், திறந்த சுடரைச் சுமந்துகொண்டு பெட்ரோலோடு ஓடுவது ஆபத்தானது, வேகமும் கட்டுக்குள் வராது. பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற தம் மூன்று சக்கர வண்டியில் மின்கலத்தையும் அதிர்வுச் சுருளையும் பயன்படுத்தினார். ஸ்டுட்கார்ட் நகரில் ராபர்ட் பாஷின் பணிமனை 1897இல் மேக்னெட்டோவை, அதாவது காந்தத்தின் இடையே சுருளைச் சுழற்றித் தானே மின்சாரம் உண்டாக்கும் கருவியை, ஒரு மூன்று சக்கர மோட்டார் வண்டியில் பொருத்திக் காட்டியது. 1902இல் அங்கே பணியாற்றிய காட்லோப் ஹோனோல்ட், தீப்பொறி பிளக்கோடு இணைந்த உயர் அழுத்த மேக்னெட்டோவை உருவாக்கினார். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த முறை 1910ஆம் ஆண்டு காடிலாக் வண்டிகளில் வந்தது. பேட்டரி, சுருள், மின்னோட்டத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட், எந்த நேரத்தில் எந்தச் சிலிண்டருக்குப் பொறி போக வேண்டும் என்று பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவற்றைக் கொண்ட அந்த முறையே அடுத்த 70 ஆண்டுகளுக்கு உலகின் பெரும்பாலான பெட்ரோல் வண்டிகளை ஓட்டியது.

இந்த அமைப்பில் நீர் செய்யும் வேலையைப் புரிந்துகொள்ள மின்னழுத்தத்தின் அளவை நினைவில் வைக்க வேண்டும். பேட்டரியின் 6 அல்லது 12 வோல்ட், தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் ஹெச்.டி. காயில் என்று அழைக்கும் உயர் அழுத்தச் சுருளில் 15,000, 20,000 வோல்ட் அளவுக்கு உயர்கிறது. பிளக்கின் இரு முனைகளுக்கிடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவுதான் என்றாலும், சிலிண்டருக்குள் வாயு நெருக்கி அழுத்தப்பட்டிருப்பதால் அதைத் தாண்டப் பல்லாயிரம் வோல்ட் தேவைப்படுகிறது. வெளியே, வயரின் மேலும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மேலும் நனைந்த அழுக்குப் படலம் ஒன்று இருந்தால், அதன் வழியாக எஞ்சினின் இரும்பைச் சென்றடைவது மின்சாரத்திற்கு எளிது. தூய நீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. ஆனால் எஞ்சின்மேல் விழும் நீர் புழுதியையும் உப்பையும் சோப்பையும் கரைத்துக்கொண்டே ஓடுகிறது. எனவே பொறி பிளக்கின் நுனியில் தோன்றாமல் வெளியிலேயே கசிந்துபோகிறது, சிலிண்டருக்குள் வந்த பெட்ரோல் எரியாமல் வெளியேறுகிறது, வண்டி குலுங்குகிறது. நான்கு சிலிண்டர்களில் ஒன்றோ இரண்டோ இப்படி விட்டுவிட்டு எரிவதைத்தான் தமிழ்நாட்டுப் பணிமனைகளில் ‘மிஸ்ஸிங்’ என்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியும் நீரைவிடத் தெரியாத நீர் கூடுதல் தொல்லை தந்தது. சூடான எஞ்சின்மேல் குளிர்ந்த நீர் படும்போது எழும் ஆவி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறம் குளிர்ந்து வியர்வைபோல் படிந்துவிடும். வெளியே எவ்வளவு துடைத்தாலும் வண்டி கிளம்பாததற்குப் பல நேரங்களில் இதுவே காரணம். அதைவிட மோசமானது கரித்தடம். ஈரப் படலத்தின் வழியே மின்சாரம் ஓடும் இடத்தில் மூடியின் பொருள் பொசுங்கி, மயிரிழை போன்ற கரிக்கோடு ஒன்று விழுகிறது. கரி மின்சாரத்தைக் கடத்துமாதலால், நீர் முற்றிலும் காய்ந்த பின்னும் மின்சாரம் அந்தக் கோட்டையே பிடித்துக்கொண்டு ஓடும். லியோ பேக்லண்ட் 1907இல் கண்டறிந்த பேக்கலைட், வெப்பத்தைத் தாங்கும் வார்ப்பு மின்காப்புப் பொருளாக டிஸ்ட்ரிபியூட்டர் மூடிகளுக்கு ஏற்றதாய் அமைந்து இந்தத் துறையை மாற்றியது உண்மையே. எனினும் கரித்தடத்திற்கு அதுவும் தப்பவில்லை. அதற்கு முந்தைய நிலை இன்னும் எளிதில் பாதிக்கப்படக்கூடியது: ஃபோர்டு டி மாடலின் நான்கு அதிர்வுச் சுருள்களும் மரப்பெட்டியில் வைக்கப்பட்டிருந்தன, ஈரத்தை உறிஞ்சிய மரமே மின்சாரம் கசியும் வழியாகிவிடும்.

இந்தப் பழுதைக் கண்டுபிடிக்க மெக்கானிக்குகள் கைக்கொண்ட முறைகள் இயற்பியல் பாடநூலில் இடம்பெறத் தக்கவை. இரவில் அல்லது இருண்ட கொட்டகையில் பானட்டைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிட்டால், மின்சாரம் கசியும் வயரின்மேல் நீலப் பொறி ஓடுவது தெரியும். மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைப்பது, கம்ப்ரெசர் காற்றை ஊதுவது, பாயிண்ட்டின் முனைகளை உப்புத்தாளால் இலேசாகத் தேய்ப்பது, பிளக்குகளைக் கழற்றிச் சூடுகாட்டுவது ஆகியவை உலகெங்கும் ஏறக்குறைய ஒரே வடிவில் தோன்றி, நூல் வழியாக அல்லாமல் கைவழியாகவே பரவிய அறிவு. கரிக்கோட்டைக் கத்திமுனையால் சுரண்டி எடுத்துவிட்டு, புதிய மூடி கிடைக்கும்வரை வண்டியை ஓட்டச்செய்த திறமை, உதிரிபாகம் அரிதாக இருந்த நாடுகளில் பல வண்டிகளைக் காப்பாற்றியிருக்கிறது.

டிஸ்ட்ரிபியூட்டர் எந்த இடத்தில் அமைய வேண்டும் என்ற கேள்வியை ஒரு வரலாற்று நிகழ்வாகவே ஆக்கியது 1959 ஆகஸ்டில் பிரிட்டனில் வெளியான மினி. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த அந்தச் சிறிய கார், எஞ்சினைக் குறுக்குவாட்டில் வைத்து முன்சக்கரங்களை இயக்கியதன் மூலம் பின்னால் வந்த சிறு கார்களுக்கெல்லாம் வழிகாட்டியது. மாதிரி வண்டிகளில் கார்புரேட்டர், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் உறுப்பு, முன்பக்கம் பார்த்திருந்தது. குளிர்காற்றில் அதில் பனி உறைந்ததும் ஒரு காரணமாக, உற்பத்திக்குச் செல்லுமுன் எஞ்சின் அப்படியே திருப்பி வைக்கப்பட்டது. கார்புரேட்டர் பின்னால் போனது. டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கக் கம்பிவலைக்கு நேர் பின்னால் வந்துவிட்டது. மழையில் ஓடும்போது எதிர்க்காற்றோடு வந்த நீர் நேரே அதன்மேல் அடித்தது, புதிய கார்கள் சாலையில் நின்றன. பின்னர் மறைப்புத் தகடும் ரப்பர் உறையும் வந்தன. அதற்குள் உரிமையாளர்கள் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையின் விரல் நுனிகளை வெட்டி, வயர்களை அவற்றின் வழியே இழுத்து, டிஸ்ட்ரிபியூட்டருக்கு மாட்டிவிடும் வழியைக் கண்டுபிடித்திருந்தார்கள். குளிர்காலத்து மழையில் நின்ற அந்தக் கார்கள் ஒரு பெரும் வடிவமைப்பாளரின் புகழைக் குறைக்கவில்லை. ஆனால் எஞ்சின் அறையில் ஓர் உறுப்பை அரைமுழம் நகர்த்துவதற்கு எவ்வளவு விலை தர வேண்டியிருக்கும் என்பதைத் தொழிலுக்கு உணர்த்தின. இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு 1948இல் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான சிட்ரோயன் 2சிவி. இரண்டே சிலிண்டர்கள் கொண்ட அதன் எஞ்சினில் ஒரே சுருள் இரண்டு பிளக்குகளுக்கும் ஒரே நேரத்தில் பொறியைத் தந்ததால் டிஸ்ட்ரிபியூட்டரே தேவைப்படவில்லை. நீர் புகுந்து கெடுக்க ஒரு மூடிகூட இல்லாமற்போனது அதன் எளிமைக்குக் கிடைத்த பரிசு.

நீரைத் தடுக்கும் கலையை விரைவாக வளர்த்தது போர். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய நேசநாட்டு வண்டிகள், கப்பலிலிருந்து கடலுக்குள் இறங்கி அலையினூடே கரையேற வேண்டியிருந்ததால், பிரிட்டனில் பல வாரங்களாக அவற்றை நீர்புகாதபடி ஆயத்தம் செய்தார்கள். சுருள், டிஸ்ட்ரிபியூட்டர், பிளக் ஆகியவற்றின்மேல் கிரீஸும் ஆஸ்பெஸ்டாஸ் இழையும் கலந்த களிமண் போன்ற கலவையைக் கையால் அப்பினார்கள். காற்று உள்ளே போகும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் உயரே நீட்டப்பட்டன. இந்தப் பூச்சு வெப்பம் வெளியேறுவதையும் தடுத்ததால், கரையேறியதும் அதை விரைந்து அகற்றாவிட்டால் எஞ்சின் சூடேறிக் கெட்டுவிடும். போருக்குப் பின் 1950இல் அமெரிக்க இராணுவம் ஏற்ற எம்38 ஜீப்பில் அப்பும் வேலையே இல்லை: 24 வோல்ட் மின்னமைப்பு, மூடி இறுக்கப்பட்ட டிஸ்ட்ரிபியூட்டர், உலோக உறை அணிந்த வயர்கள் ஆகியவற்றோடு பிறக்கும்போதே நீரைத் தாங்கும்படி அது செய்யப்பட்டது. இந்த அறிவு உடனே பொதுமக்களின் கார்களுக்கு வந்திருக்கலாம். விலையை எண்ணிய தொழிலகங்கள் அதைக் கொண்டுவரவில்லை. பொதுமக்களுக்குக் கிடைத்தது ஒரு தெளிப்பான். கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் 1953இல் ஏவுகணையின் உலோக உடலைத் துருவிலிருந்து காக்க உருவாக்கப்பட்ட டபிள்யூ.டி.-40, 1958 முதல் கடைகளில் விற்பனைக்கு வந்தது. உலோகப் பரப்பிலிருந்து நீரை இடம்பெயர்த்துத் தான் படர்ந்துகொள்ளும் அதன் குணம், நனைந்த டிஸ்ட்ரிபியூட்டரை உயிர்ப்பிக்கப் பெரிதும் பயன்பட்டது.

இந்தியாவில் இந்த வழக்கம் தனக்கென ஒரு பெயரையும் இடத்தையும் பெற்றது. உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாஸடரும், மும்பையின் ஃபியட்டும், சென்னைக்குத் தெற்கே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் சாலைகளை ஆண்ட ஆண்டுகளில், பெட்ரோல் நிலையத்தை ஒட்டிய சாய்தளத்திலோ பள்ளத்தின்மேலோ வண்டியை ஏற்றி, அடிப்பகுதியையும் எஞ்சினையும் நீரடித்துக் கழுவி, மூட்டுகளுக்கு கிரீஸ் அடித்து இறக்குவது ‘வாட்டர் சர்வீஸ்’ என்று வழங்கலாயிற்று. மண்ணெண்ணெயையோ டீசலையோ தெளித்து ஊறவிட்டு, பின்பு நீரடிப்பது அதன் ஓர் அங்கம். இந்த வண்டிகளின் டிஸ்ட்ரிபியூட்டர், காயில் போன்ற மின்பாகங்களைச் செய்ததில், சென்னைப் பாடியில் 1961இல் பிரிட்டனின் லூகாஸும் மதுரை டி.வி.எஸ். நிறுவனத்தாரும் இணைந்து தொடங்கிய லூகாஸ்-டி.வி.எஸ். தொழிலகத்திற்குப் பெரும் பங்குண்டு. பிரிட்டனின் மழையில் பட்ட பாடுகளிலிருந்து பிறந்த வடிவங்கள் அவ்வழியே தமிழ்நாட்டின் புழுதிக்கும் வடகிழக்குப் பருவமழைக்கும் வந்து சேர்ந்தன.

தமிழ்நாட்டில் இந்தத் துப்புரவுக்குச் சமயத் தொடர்பும் உண்டு. ஆயுத பூஜை நாளில் தொழிற்கருவிகள் அனைத்தும் கழுவப்பட்டு, சந்தனமும் குங்குமமும் இடப்பட்டு, வழிபடப்படுவதால், வண்டியை முழுமையாக, எஞ்சின் உட்பட, கழுவுவது அதற்கு முந்தைய நாளின் கடமையாகிறது. லாரியும் பேருந்தும் இதனால் பெரிதும் பாதிக்கப்பட்டதில்லை. டீசல் எஞ்சினில் காற்றை மிக அழுத்தியதால் உண்டாகும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைப்பதால் பொறியும் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டரும் இல்லை. பழைய இயந்திரப் பம்பு கொண்ட டீசல் எஞ்சினை நீரால் நிறுத்த வேண்டுமானால் காற்றுக்குழாய் வழியாகவே நீர் புக வேண்டும். வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் நீரை அஞ்சாமல் அடிக்கும் துணிவு வளர்ந்ததில் டீசல் வண்டிகளின் இந்தப் பொறுமைக்கும் பங்கிருக்கிறது என்று கருத இடமுண்டு. அதே கை அதே விசையோடு பெட்ரோல் கார்மேல் நீரடித்தபோது விளைவு வேறாயிற்று.

இதற்கிடையில் எஞ்சினின் அழுக்கே குறையத் தொடங்கியிருந்தது. அதற்குக் காரணம் தூய்மையில் கொண்ட ஆசையன்று, புகைமூட்டம். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் காற்று மாசை ஆராய்ந்தவர்கள், அடிப்பெட்டியிலிருந்து வெளியே விடப்பட்ட எண்ணெய் ஆவியும் எரியாத பெட்ரோலும் அதற்கு ஒரு காரணம் என்று கண்டதால், 1961ஆம் ஆண்டு மாடல்கள் தொடங்கிக் கலிஃபோர்னியாவில் விற்ற கார்களில் அந்த ஆவியை ஒரு வால்வு வழியாக எஞ்சினுக்கே திருப்பி எரித்துவிடும் முறை வந்தது. விரைவில் பிற இடங்களுக்கும் பரவியது. கயிறும் தோலும் போய்ச் செயற்கை ரப்பர் அடைப்புகள் வந்தன. எஞ்சின் அறையை எண்ணெய்க்களமாக்கிய காரணங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன; ஆனால் கழுவும் பழக்கம் காரணத்தைவிட நீண்ட ஆயுள் கொண்டதாக இருந்தது.

அதே புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள்தாம் எஞ்சின் அறைக்குள் மின்னணுவியலையும் கொண்டுவந்தன. அமெரிக்க பெண்டிக்ஸ் நிறுவனம் 1950களின் இறுதியில் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்னணுப் பெட்ரோல் தெளிப்பு, வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்காத பாகங்களால் தோற்றது. அது பொருத்தப்பட்ட சில கார்களில் பெரும்பாலானவை பின்னர் கார்புரேட்டருக்கே மாற்றப்பட்டன. அதன் உரிமங்களைப் பெற்ற பாஷ் நிறுவனம் 1967இல் வோக்ஸ்வாகன் 1600 காரில் வெற்றிகரமான முறையை அறிமுகப்படுத்தியது. இந்தியாவில் 1983 டிசம்பரில் வெளியான மாருதி 800 கார்புரேட்டரோடுதான் வந்தது. 2000ஐ ஒட்டி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே பெட்ரோல் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. முறை அதற்கும் பிற கார்களுக்கும் வந்தது. காற்றின் அளவு, எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பம், தண்டின் நிலை, புகையின் ஆக்சிஜன் என்று ஒவ்வொன்றையும் அளந்து கணினிக்குச் சொல்லும் சென்சார்கள் எஞ்சினைச் சூழ்ந்தன. அவை ஒவ்வொன்றையும் வயரோடு இணைக்கும், மெக்கானிக்குகள் கப்ளர் என்று அழைக்கும் பிளாஸ்டிக் இணைப்புகள் பெருகின. டிஸ்ட்ரிபியூட்டர் மறைந்து, ஒவ்வொரு பிளக்கின் தலைமேலும் ஒரு சிறு காயில் அமர்ந்தது.

ஆகவே கழுவியபின் வரும் நோயின் குறிகளும் மாறின. பழைய கார் நனைந்தால் கிளம்பாது, அல்லது இருமும்; காய்ந்தால் ஓடும். புதிய கார் கிளம்பிவிடும். ஆனால் கப்ளருக்குள் புகுந்த நீர், சென்சார் அனுப்பும் அரை வோல்ட், ஒரு வோல்ட் அளவுள்ள குறிகளைக் குலைத்துவிடுவதால், நிற்கும்போது எஞ்சினின் ஓட்டம் ஏறி இறங்கும், எச்சரிக்கை விளக்கு எரியும், கணினி பாதுகாப்புக்காகத் திறனைக் குறைத்துக்கொள்ளும். நீர் அன்றே காய்ந்தாலும், செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறி வாரங்கள் கழித்துப் பழுது தோன்றுவதும் உண்டு. அப்போது அதைக் கழுவிய நாளோடு யாரும் தொடர்புபடுத்துவதில்லை. பிளக்கின் அமைவிடமும் ஒரு கண்ணியாயிற்று. 1980களில் பரவிய, சிலிண்டருக்கு நான்கு வால்வுகள் கொண்ட எஞ்சின்களில் பிளக் நடுவில், ஆழமான குழிக்குள் இருக்கிறது. மேலேயுள்ள ரப்பர் சற்றே தளர்ந்திருந்தால் அந்தக் குழி கிணறாகி நீரைத் தேக்கிக்கொள்கிறது. அத்தகைய நிலையில் காரை மிஸ்ஸிங்கோடு ஓட்டிச்செல்வது, எரியாத பெட்ரோலைப் புகைக்குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு அனுப்பி அங்கே எரியச்செய்வதால், புகையைத் தூய்மையாக்கும் அந்த விலையுயர்ந்த உறுப்பு அளவுமீறிச் சூடாகி உருகிப்போகக்கூடும். துணியால் துடைத்துத் தீர்த்த பழுது, இவ்வாறு ஆயிரக்கணக்கான ரூபாய்ப் பழுதாக வளர்ந்தது. காமன் ரெயில் முறை 1997இல் விற்பனைக்கு வந்தபின் டீசலும் கணினியின் ஆளுகைக்குள் வந்துவிட்டதால், அதன் பழைய பொறுமையும் போயிற்று.

பொறியாளர்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. ஒவ்வொரு வயரையும் தனித்தனியே கவ்வும் சிலிக்கான் ரப்பர் வளையமும், இரு பாதிகளும் சேரும் இடத்தில் மூன்று வரம்புகள் கொண்ட அடைப்பும் உடைய கப்ளர்கள் 1980களில் பொதுவாயின. 1993இல் ஜெர்மனி வெளியிட்ட தரநிலை, சாலை வண்டிகளின் மின்பாகங்கள் எந்த அளவு நீரைத் தாங்க வேண்டும் என்பதற்கு ஐபி69கே என்ற உச்ச அளவை வகுத்தது. 80 டிகிரி வெப்பமுள்ள நீரை, 80 முதல் 100 பார் அழுத்தத்தில், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல் எண்பது முதல் நூறு மடங்கு விசையில், 10 முதல் 15 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து, நான்கு கோணங்களில், கோணத்திற்கு 30 விநாடி வீதம் பீய்ச்சியும் உள்ளே தீங்கு செய்யும் அளவுக்கு நீர் புகக்கூடாது. மழையையோ ஆற்றையோ மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டதன்று இந்தச் சோதனை. கையில் குழலோடு நிற்கும் கழுவுபவரையே அது அளவுகோலாக வைத்திருக்கிறது. கெர்ஹரின் 1950ஆம் ஆண்டுப் பொறிக்கு மின்காப்புத் தொழில் தந்த விடை என்று அதைக் கொள்ளலாம். கழுவும் வழக்கத்தை நிறுத்த முடியாது என்பதை ஏற்றுக்கொண்டு, உறுப்பையே அதற்கு ஈடுகொடுக்கச் செய்த அந்த முடிவு, எந்தப் புதிய எஞ்சினின் அறிமுகத்துக்கும் குறையாத மதிப்புக்குரியது.

அந்தச் சோதனைக்கு உட்படுவது புதிய உறுப்பு. எஞ்சினின் வெப்பத்தில் 10, 15 ஆண்டுகள் வெந்த ரப்பர் வளையம் இறுகிச் சுருங்குகிறது; பழுதுபார்க்கக் கழற்றும்போது கப்ளரின் பூட்டுநாக்கு உடைந்து, பின்னர் டேப் சுற்றிக் கட்டப்படுகிறது; தரமற்ற மாற்று காயில் பிளக்குக் குழியின் வாயை முழுதாக மூடுவதில்லை. எல்லாக் கார்களிலும் எல்லாக் கப்ளர்களும் அந்த உச்ச அளவுக்குச் செய்யப்படுவதும் இல்லை. இதனால்தான் பல உற்பத்தியாளர்களின் கையேடுகள் எஞ்சின் அறைக்குள் அழுத்த நீரைச் செலுத்த வேண்டாம் என்று இன்றும் எச்சரிக்கின்றன. பழைய கார்களே மிகுதியாக வரும் தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பணிமனைகளில், எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஆல்டர்னேட்டர், காயில், காற்று வடிகட்டியின் வாய் ஆகியவற்றைப் பாலித்தீன் பையால் கட்டி, குழலைத் தள்ளிப்பிடித்து மெல்ல நீர்விட்டு, கம்ப்ரெசர் காற்றால் ஒவ்வொரு கப்ளரையும் பிளக்குக் குழியையும் ஊதி உலர்த்திய பின்னரே சாவியைத் திருப்பும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள்.